காந்தம் ஒட்டினால் மட்டும் விண்கல் ஆகிவிடாது

நான் விண்கல் சேர்க்கிறேன் என்று நாலு பேருக்குத் தெரிந்ததிலிருந்து வாட்ஸ்அப்பில் கறுப்புக் கல் படங்களாக வந்து விழுகின்றன. "காந்தம் ஒட்டுது சார், நல்ல வெயிட்டு, அப்போ விண்கல்தானே?" பெரும்பாலும் இல்லை. அம்பத்தூர் பக்கம் கிடைத்தது என்றால் முதலில் நான் சந்தேகப்படுவது ஃபவுண்டரியிலிருந்து கொட்டிய இரும்புக் கிட்டத்தைத்தான். உடைத்துப் பார்த்தால் உள்ளே குமிழி குமிழியாக ஓட்டை இருக்கும், சாதாரண விண்கல்லில் அது கிடையாது. பல்லாவரம், பரங்கிமலைப் பக்கம் என்றால் அது சார்னோக்கைட் என்ற உள்ளூர்ப் பாறை. கருநீலமாக, எண்ணெய் தடவியது மாதிரி பளபளப்பாக இருக்கும், கொஞ்சம் மேக்னடைட் என்ற இரும்புத் தாது கலந்திருப்பதால் காந்தத்தையும் லேசாக இழுக்கும். வேடிக்கை என்னவென்றால் சார்னோக்கைட்டின் அடையாளமான ஹைப்பர்ஸ்தீன் வகைக் கனிமம் விண்கற்களிலும் உண்டு. அதனால் கனிமத்தின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டும் முடிவுக்கு வர முடியாது. இதற்கு நேர்மாறாக, வெஸ்டா என்ற சிறுகோளிலிருந்து வந்த யூக்ரைட் கற்களில் உலோகம் அநேகமாக இல்லவே இல்லை. அசல் விண்கல்தான், காந்தம் சும்மா இருக்கும்.

ஆக, வெளியே பார்ப்பதை விட உள்ளே பார்க்க வேண்டும். ஒரு ஓரத்தை அரத்தால் தேய்த்து, அப்புறம் வாட்டர் பேப்பர் போடுங்கள். சாம்பல் நிறக் கல்லுக்குள் வெள்ளி மாதிரி மின்னும் இரும்பு–நிக்கல் துணுக்குகள் சிதறித் தெரிந்தால் எனக்கு ஃபோன் பண்ணுங்கள், சாப்பாட்டை விட்டுவிட்டு வருகிறேன். பூமியின் சாதாரணப் பாறைகளில் உலோக இரும்பு அப்படி இருப்பது மிக மிக அபூர்வம்.

சேர்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது, தேடி அலையாதீர்கள், முதலில் ஒரு துண்டு வாங்குங்கள். மொராக்கோ, அல்ஜீரியா பக்கத்துப் பாலைவனங்களில் கிடைத்து, வடமேற்கு ஆப்பிரிக்கா என்ற பெயரோடு ஒரு எண் போட்டு வரும் சாதாரண காண்ட்ரைட், அதாவது பரவலாகக் கிடைக்கும் கல் வகை விண்கல், போதும். நிலாக்கல், செவ்வாய்க்கல் என்று பேருக்காகப் பணம் கொட்டி அரிசி மணி அளவு துணுக்கை டப்பாவில் வைத்துக்கொள்கிறவர்களை எனக்குப் புரிந்ததே இல்லை. உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி மெருகேற்றிய காண்ட்ரைட் துண்டை வெயிலில் சாய்த்துப் பிடித்து லென்ஸ் வழியாகப் பாருங்கள். ஜவ்வரிசி வடாம் மாதிரி உருண்டை உருண்டையாகத் தெரியும். அவைதான் காண்ட்ரூல்கள். பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. 456 கோடி வருடங்களுக்கு முன்னால், பூமி முழுசாக உருவாவதற்கு முன்பே, சூரியனைச் சுற்றிய தூசி உருகி, விண்வெளியில் துளியாகவே குளிர்ந்து இறுகியவை. எது அந்தத் தூசியை உருக்கியது என்பதில் இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை.

காண்ட்ரைட்டின் பெயரோடு அதன் வகையைச் சொல்ல வரும் எழுத்தும் எண்ணும் முதலில் குழப்பும். ஹெச் என்றால் இரும்பு அதிகம், எல் என்றால் குறைவு, எல்எல் என்றால் அதைவிடக் குறைவு. பின்னால் வரும் 3 முதல் 6 வரையான எண், தாய்ச் சிறுகோளுக்குள் இருந்தபோது அந்தக் கல் எவ்வளவு வெந்தது என்பதற்கு. சூடு பெரும்பாலும் அலுமினியம்-26 என்ற கதிரியக்க அணு சிதைந்ததால் வந்தது. 3 என்றால் காண்ட்ரூல்கள் விளிம்பு கலையாமல் அப்படியே இருக்கும். 6 என்றால் பக்கத்துப் பாறையோடு கரைந்து, எங்கே உருண்டை என்று தேட வேண்டும்.

இதில் நம் பக்கத்துக் கற்களே இரண்டு முக்கியமானவை. 1857ல் மதுரைப் பக்கம் விழுந்த கல், பட்டியல்களில் பர்னல்லி என்று இருக்கும், எல்எல்3 வகை. ஹயபூசா விண்கலம் இடோகாவா சிறுகோளிலிருந்து 2010ல் ஜப்பானியர்களுக்குக் கொண்டுவந்து கொடுத்த தூசியும் எல்எல் வகைதான், கொஞ்சம் கூடுதலாக வெந்தது, அவ்வளவுதான். இன்னொன்று 1890ல் திருப்பத்தூர் பக்கம் விழுந்த காக்கங்கரி. தெரிந்த எந்த வகையிலும் அடங்காததால் அதன் பெயரிலேயே கே என்று தனி வகை வைக்க வேண்டியதாயிற்று, உலகம் முழுக்க அந்த வகையில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் கற்கள். 2016ல் அதே வட்டாரத்தில் நாட்றம்பள்ளி அருகே நடந்த வெடிப்பை விண்கல் என்று எல்லா டிவியும் நாள் முழுக்க ஓட்டின. படங்களைப் பார்த்த நாசா விஞ்ஞானிகள், தரையில் நடந்த வெடிப்பு போலத்தான் இருக்கிறது என்றார்கள். காக்கங்கரியைப் பற்றி அன்றைக்கு யாராவது ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

சரி, வாங்கியாயிற்று, இனி சென்னை இருக்கிறது. நம் ஊர்க் காற்றில் ஈரமும் உப்பும் சேர்ந்து வருவதால் மெருகேற்றிய முகம் ஐப்பசி மழைக்குள் பழுப்புப் புள்ளி வைத்துவிடும். குளோரைடு ஒருமுறை உள்ளே போய்விட்டால் துரு நிற்காது. எனவே போர் தண்ணியில் கழுவவே கூடாது, ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் துடையுங்கள், வெறும் கையால் மெருகேற்றிய பக்கத்தைத் தொடாதீர்கள், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு போட்டு மூடுங்கள். ஜெல்லை அவ்வப்போது சூடாக்கி உலர்த்த வேண்டும், இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். கண்ணாடி ஷோகேஸில் வைத்து வருகிறவர்களுக்குக் காட்டும் ஆசையை விட்டுவிடுங்கள்.

திருவான்மியூர், பெசன்ட் நகர் மாதிரி கடலுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் ஹெச் வகைப் பக்கம் போகாமல் எல்எல்லில் ஆரம்பிப்பது நல்லது. இரும்பு குறைவு, துருவும் குறைவு, காண்ட்ரூல்களும் கொஞ்சம் பெரிசு. அதிலும் 3 போட்ட துண்டு கையில் சிக்கினால் விலை சற்றுக் கூடுதல் என்றாலும் யோசிக்காமல் எடுத்துவிடுங்கள்.