பச்சை மூடியா, ஊதா மூடியா?

மூன்று வயதாகியும் பாப்பா நாலைந்து வார்த்தைக்கு மேல் பேசவில்லை. காது டெஸ்ட் சரியாக இருந்தது. டாக்டர் கேரியோடைப், அதாவது குரோமோசோம் டெஸ்ட் எழுதிக் கொடுத்தார். கோபியிலேயே ஒரு லேப்பில் ரத்தம் கொடுத்தோம். அவர்கள் கோவைக்கு அனுப்பினார்கள்.

இருபது நாள் கழித்துப் போன். "செல்லு வளரலைங்க, மறுக்கா ரத்தம் குடுக்கோணுங்க." ஏன் என்றால், "உங்க புள்ள ரத்தம் அப்படிங்க."

கோவை லேப்புக்கே போன் போட்டேன். ரத்தம் ஊதா மூடிக் குழாயில் வந்ததாம். அது சாதாரண ரத்த அணு எண்ணிக்கைக்கு. கேரியோடைப்புக்கு செல் உயிரோடு வேண்டும். மூன்று நாள் போல வளர்த்து, அது பிரியும் நேரத்தில் நிறுத்தித்தான் குரோமோசோமை எண்ணுவார்கள். அதற்கு சோடியம் ஹெப்பாரின் போட்ட பச்சை மூடிக் குழாய்தான். ஊசி குத்தும் முன் மூடியைப் பாருங்கள். இரண்டாம் முறை விடியற்காலை பஸ்ஸில் நேராகக் கோவைக்கே போய், குழாயைக் காட்டச் சொல்லிவிட்டுத்தான் பாப்பாவின் கையை நீட்டினேன்.

ரிப்போர்ட்டில் 47, எக்ஸ்எக்ஸ்எக்ஸ். ஒரு எக்ஸ் குரோமோசோம் கூடுதல். கவுன்டரில் இருந்தவர் எட்டிப் பார்த்து, "பெரியவளானாலும் இவளுக்குக் குழந்தை நிக்காதுங்க" என்றார். கேட்டோமா அவரை? அன்னூர், புளியம்பட்டி எதுவும் கண்ணில் படவில்லை, வழியெல்லாம் அழுகை.

ஜெனடிக்ஸ் டாக்டரைப் பார்க்க மூன்று நாள் ஆனது. மாமியாரையும் வேண்டுமென்றே கூட்டிப்போனேன். "கவுன்டரில் அவர் சொன்னது டர்னர் என்ற வேறொரு குறைபாட்டுக்கு, அதில் ஒரு எக்ஸ் குறையும். இது ட்ரிபிள் எக்ஸ். ஆயிரம் பெண் குழந்தைகளில் சுமார் ஒருத்திக்கு இருக்கும், பலருக்குக் கடைசிவரை தெரியவே தெரியாது" என்றார் டாக்டர். பெரும்பாலும் குழந்தைப்பேறுக்குத் தடையில்லையாம். சிலருக்கு மாதவிலக்கு சீக்கிரம் நின்றுவிடலாம் என்பதைப் பெரியவளானதும் கவனிக்க வேண்டும். பேச்சு தாமதம் இதில் சகஜம், ஸ்பீச் தெரபியை உடனே தொடங்கச் சொன்னார். "கிரகணத்தன்னிக்கு இவ வெளிய வந்தாளுங்க" என்று மாமியார் ஆரம்பித்தார். "செல் பிரியும்போது தற்செயலாக நடப்பதுங்கம்மா, யார் தப்பும் இல்லை." அதோடு கிரகணப் பேச்சு ஓய்ந்தது.

முதல் லேப்பில் பணத்தைத் திரும்ப வாங்க மூன்று நடை. 'தவறான குழாய்' என்று கோவை லேப்பில் எழுதி வாங்கியிருந்ததால்தான் கொடுத்தார்கள். அதிலும் ஊசிக்கும் குழாய்க்கும் என்று ஐம்பது ரூபாய் பிடித்துக்கொண்டார்கள்.