தங்கைக்கு ஜெல், எனக்கு இல்லை

ராத்திரி ரெண்டு மணிக்குத் தங்கையிடமிருந்து போன் வரும். "அக்கா, ஃபேன் அஞ்சுல ஓடுது, நைட்டி தொப்பலா நனைஞ்சுடுச்சு." அவளுக்கு 52 வயது, மாதவிலக்கு நின்று ஒன்றரை வருஷம். டாக்டரம்மா ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனை ஜெல்லாக எழுதிக் கொடுத்தார். கர்ப்பப்பை இருப்பதால் கூடவே புரோஜெஸ்டிரான் என்ற இன்னொரு ஹார்மோனும். இப்போது தினமும் குளித்ததும் கையில் ஜெல்லைத் தடவி, காயும்வரை துண்டைப் போர்த்தியபடி உட்கார்ந்திருக்கிறாள். நடுராத்திரி போன் நின்றுவிட்டது.

ரத்தக்குழாய்க்கும் அது நல்லது என்று யாரோ சொல்ல, எனக்கும் ஆசை வந்தது. வயது 63, பிபி, கொலஸ்ட்ரால் ரெண்டும் உண்டு. அதே டாக்டரம்மாவிடம் போனேன்.

"எத்தனை வயசுல நின்னுச்சு?"

"49."

பேனாவை மூடிவிட்டார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துத் திறந்து, சீட்டின் பின்பக்கம் ஒரு குழாய் வரைந்தார். குழாயின் உள்படலம் நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்தால்தான் அது விரிந்து கொடுக்குமாம். அந்தச் சுரப்புக்கு ஈஸ்ட்ரோஜன் துணை. அது இல்லாமல் வருஷங்கள் போனால் குழாய் விறைக்கும், கொழுப்பும் படியும். படிந்த பிறகு ஹார்மோனைக் கொண்டுபோய்க் கொட்டினால் பழைய பலன் வராது.

2016-ல் வெளியான எலைட் ஆய்வில் 643 பெண்கள். மாதவிலக்கு நின்று ஆறு வருஷத்துக்குள் ஈஸ்ட்ரோஜன் மாத்திரையைத் தொடங்கியவர்களுக்குக் கழுத்து ரத்தக்குழாயின் சுவர் தடிப்பது மெதுவானது. பத்து வருஷம் தாண்டியவர்களுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. அதற்கு முன் அமெரிக்காவில் 16,608 பெண்களிடம் நடந்த பெரிய ஹார்மோன் மாத்திரை ஆய்வை 2002-ல் பாதியிலேயே நிறுத்தினார்கள். மார்பகப் புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம் எல்லாம் கூடியிருந்தன. சேர்ந்தவர்களின் சராசரி வயது 63. சாட்சாத் என் வயது! அந்தச் செய்திக்குப் பயந்து, வேர்த்துக் கொட்டிய ஐம்பது வயதுக்காரிகளுக்கும் மருந்து கிடைக்காமல் போனதுதான் எனக்கு ஆற்றாமை.

தங்கைக்கும் இதயத்தைக் காக்கவென்று கொடுக்கவில்லையாம், வேர்வைக்குத்தான். தோல் வழியாகப் போனால் மாத்திரை மாதிரி முதலில் கல்லீரலுக்குள் போய் வருவதில்லை, ரத்தம் உறையும் பயம் குறைவு என்பதால் ஜெல்.

"உங்களுக்கு பிபி மாத்திரைதான் ரத்தக்குழாய் மருந்து. ஒழுங்கா போடறீங்களா?"

"போடறேன்" என்றேன். போன வாரம் நாலு நாள் விட்டுப்போனதைச் சொல்லவில்லை. வரும் வழியில் ரெண்டு அட்டை வாங்கிக்கொண்டேன்.