காஞ்சிமாநதிக் கரையில் எள்ளும் நீரும்

மொரீஷியஸிலிருந்து கோயம்புத்தூர் போகிற நம்மவர்கள் பெரும்பாலும் முதலில் மருதமலைக்குத்தான் ஓடுகிறார்கள். காத்ர் போர்னில் கோர் த கார்த் மலைச்சரிவில் இருக்கும் முருகன் கோவிலுக்குத் தைப்பூசக் காவடி எடுத்து வளர்ந்தவர்கள் நாம். குன்றில் நிற்கும் குமரன் என்றால் கால் தானாக அங்கே இழுக்கும். ஆனாலும் சொல்கிறேன், முதலில் பேரூருக்குப் போங்கள். தகப்பனை வணங்கிவிட்டுத்தான் பிள்ளையிடம் போகவேண்டும் என்று என் அத்தை உறுதியாகச் சொல்லிவிட்டார். எங்களுக்குப் பேரூரில் தீர்க்கவேண்டிய ஒரு கடனும் இருந்தது.

நகரத்துக்கு மேற்கே, நொய்யல் கரையில் இருக்கிறது பேரூர். டவுன் பஸ்ஸிலேயே போய்விடலாம். சுவாமி பட்டீஸ்வரர், அம்பாள் பச்சைநாயகி. காமதேனுவின் கன்றான பட்டி விளையாடும்போது அதன் குளம்பு புற்றுக்குள் இருந்த லிங்கத்தின் மேல் பட்டுவிட்டதாம். தாய்ப்பசு பதறிப் போனது. ஈசனோ கோபிக்கவில்லை, அந்தக் குளம்படியைத் தன் முடியிலேயே வைத்துக்கொண்டார். அபிஷேகம் முடிந்து, அலங்காரம் தொடங்குவதற்கு முன் தீபம் காட்டும்போது பார்த்தால் அந்தச் சுவடு தெரியும். அத்தை அதைப் பார்த்துவிட்டு நெடுநேரம் கன்னத்தில் போட்டுக்கொண்டே இருந்தார்.

மேலைச் சிதம்பரம் என்று இந்தத் தலத்துக்குப் பெயர் வரக் காரணமான கனகசபையை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். 17-ஆம் நூற்றாண்டில் அழகாத்ரி நாயக்கர் காலத்தில் எழுந்த மண்டபம் அது. தூணுக்குத் தூண் ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் சிற்பங்கள்: ஊர்த்துவ தாண்டவர், வீரபத்திரர், ஆலங்காட்டுக் காளி, பிட்சாடனர். யானையை உரித்த பெருமானின் முன் நான் அதிக நேரம் நின்றேன். உரித்த தோலைக் கைகள் பிடித்து விரித்திருக்க, அதன் நடுவே ஒரு காலைத் தூக்கி நிற்கிறார். அண்ணாந்து பார்த்தால் விதானத்தில் கல் சங்கிலிகள். ஒரே கல்லில் குடைந்த வளையங்கள், ஒன்றுக்குள் ஒன்று கோத்துத் தனித்தனியாகத் தொங்குகின்றன. உளி ஓர் இடத்தில் தவறியிருந்தால் முழுக் கல்லும் வீணாகியிருக்கும். அந்தச் சிற்பியின் கைக்கும் சேர்த்துத்தான் கும்பிட்டேன்.

பிறவாப்புளி, இறவாப்பனை என்று இரண்டு மரங்களைத் தலபுராணம் சொல்கிறது. இங்குள்ள புளியின் விதை முளைக்காது, பனைக்குச் சாவு இல்லை என்பது ஊர் நம்பிக்கை. இந்த மண்ணில் உயிர் நீத்தவருக்கு மறுபிறவி கிடையாது என்பதால்தான் முன்னோர் கடன் தீர்க்க இத்தனை பேர் இந்தப் படித்துறைக்கு வருகிறார்கள். ஆடிப்பெருக்கன்று கால்வைக்க இடம் இருக்காது என்றார்கள். நாங்களும் அதற்காகத்தான் வந்திருந்தோம்.

சங்கல்பத்துக்கு உட்கார்ந்ததும் புரோகிதர் கேட்டார்: "உங்களுக்கு எந்த ஊர்?"

"ஊர் தெரியாது சாமி, ஜில்லா தெரியும்" என்றார் அத்தை.

மொரீஷியஸின் மோகாவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கும் குடியேற்ற ஆவணங்களில் எங்கள் முப்பாட்டனாரின் பதிவு கிடைத்தது. 1860-களில் கப்பலேறியவர். ஜில்லா கோயம்புத்தூர் என்பது தெளிவாக இருக்கிறது. கிராமத்தின் பெயரை எழுதியவர் தம் காதில் விழுந்தபடி எழுதிவைத்ததில் அது எந்த ஊருக்கும் பொருந்தவில்லை.

"அன்றைக்கு ஜில்லா என்றால் அது ஒரு ராஜ்யம் அல்லவா, அம்மா" என்றார் புரோகிதர். அவர் சொன்னது முற்றிலும் உண்மை. 1868 வரை நீலகிரியும் கோயம்புத்தூர் ஜில்லாதான். கரூர் 1910-இல் திருச்சியோடு சேர்ந்தது. கொள்ளேகால் 1956-இல் மைசூர் மாநிலத்துக்குப் போனது. 1979-இல் ஈரோடு பிரிந்தது, 2009-இல் திருப்பூர். முப்பாட்டனாரின் மண் இன்று எந்த மாவட்டத்தில், ஏன், எந்த மாநிலத்தில் இருக்கிறது என்றுகூடச் சொல்ல வழியில்லை. கோத்திரமும் தெரியாததால் சிவகோத்திரம் என்றே சொல்லி, பெயர்களை மட்டும் வைத்து நடத்திக்கொடுத்தார். போர்ட் லூயிஸில், ஒப்பந்தக் கூலிகள் கப்பலிலிருந்து வந்திறங்கிய துறையான ஆப்பிரவாசி காட்டின் 16 கற்படிகளில் ஏறிப் போனவருக்கு, நொய்யலின் படிகளில் இறங்கி எள்ளும் நீரும் இறைத்தேன். இந்த நதிக்குக் காஞ்சிமாநதி என்பது புராணப் பெயர். வெள்ளியங்கிரியில் பிறந்து, பழைய ஜில்லாவின் குறுக்கே ஓடி, கரூர்ப் பக்கம் காவிரியில் கலக்கிறது. அவர் ஊர் இந்த நீர் போகும் வழியில் இருந்திருக்கலாம் என்ற எண்ணமே எனக்குப் போதுமானதாக இருந்தது.

ஒன்றைச் சொல்லாமல் விடமுடியாது. படித்துறையில் அவிழ்த்துப் போட்ட துணிகளும் பிளாஸ்டிக் பைகளும் கிடந்தன. போட்டவர்கள் நம்மைப்போல் கடன் தீர்க்க வந்தவர்கள்தான். பிதுர்க்களை அழைத்து நிறுத்துகிற நீரில் குப்பையைப் போட எப்படி மனம் வருகிறது? போகிறவர்கள் தயவுசெய்து இலை, எள், பூ தவிர வேறெதையும் அங்கே விட்டு வராதீர்கள்.

இந்த மாவட்டத்தைப் பெற்றவளே மலைதான். மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் திறந்திருப்பதால் பருவக்காற்றின் குளிர்ச்சி இங்கே நுழைகிறது. குடிக்கச் சிறுவாணித் தண்ணீர் மலையிலிருந்துதான் வருகிறது. 1888-இல் முதல் பஞ்சாலை தொடங்கினாலும், ஆலைகள் பெருகியது 1930-களில் பைக்காராவில் அருவி நீரிலிருந்து மின்சாரம் வந்த பிறகே. 2011 கணக்கெடுப்பில் மாவட்டத்தின் சுமார் 34.6 லட்சம் மக்களில் நான்கில் மூன்று பங்கினர் நகரவாசிகள். அத்தனை பேரையும் காப்பாற்றுகிற மலையில் முருகன் நிற்பது எனக்கு மிகப் பொருத்தமாகப் படுகிறது.

மருதமலைக்கு மறுநாள் காலையில் போனோம். அடிவாரத்தில் தான்தோன்றி விநாயகரை வணங்கிவிட்டு 837 படிகள் ஏறவேண்டும். முடியாதவர்களுக்குக் கோவில் பஸ் உண்டு. அத்தை பஸ்ஸைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இடும்பன் சந்நிதியில் சற்று உட்கார்ந்து, மூச்சு வாங்கி, மறுபடியும் ஏறினார். மூலவர் தண்டாயுதபாணி, இடது கையை இடுப்பில் வைத்து, வலது கையில் தண்டம் ஏந்திய பழனிக் கோலம். "கப்பலில் இவனைத்தான் நெஞ்சில் வைத்துக் கொண்டுவந்தார்கள்" என்று அத்தை என் காதருகில் சொன்னார். பாம்பாட்டிச் சித்தர் தவம் செய்த குகையையும் பார்த்தோம். யானைகள் இறங்கும் காடு என்பதால் இருட்டுவதற்குள் கீழே வந்துவிடுங்கள்.

மேலிருந்து கிழக்கே பார்த்தால் கண்ணுக்கு எட்டியவரை கட்டடங்கள். அத்தை அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே பழைய ஜில்லாவின் பெரிய கோவில்களைச் சொல்லச் சொன்னார். அவிநாசி, திருமுருகன்பூண்டி, பவானி, கொடுமுடி, கரூர் என்று சொன்னேன். ஊர் தெரியாத பாட்டனுக்கு எல்லாச் சுவாமியும் குலசுவாமிதான், ஒன்றையும் விடக்கூடாது என்றார். மத்தியானமே அவிநாசிக்குப் பஸ் ஏறினோம்.