புண் வலது காலில், காரணம் இடது காலில்

பக்கத்து வளவு மாமிக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை, 2009-ல் இறுதிப் போரில், முல்லைத்தீவு மாத்தளனில் ஷெல் பட்டுப் போனது. சீனி வருத்தமும் (நீரிழிவு) இருக்கிறது. வலது பாதத்தின் அடியில் வந்த புண் மாதக்கணக்காக ஆறவே இல்லை. அவரோடு கிளினிக், கால் செய்யும் இடம், பிரதேச செயலகம் என்று அலைந்ததை எழுதி வைக்கிறேன். வன்னியில் இதே நிலையில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், யாருக்காவது உதவட்டும்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம்தான், அதை இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் கிளினிக் நாள் என்றால் விடியப்புறமே போய் நம்பர் எடுக்க வேண்டும், அந்த நேரத்துக்கு பஸ் இல்லை, ஓட்டோவுக்குக் கொடுக்கிற காசு மாமி கச்சான் ஆய்ந்து எடுக்கிற கூலியில் பாதிக்கு மேல், அன்றைய கூலியும் இல்லை. ஒவ்வொரு முறையும் ஒரே புத்திமதி: "சோற்றைக் குறையுங்கோ, அந்தக் காலை ஊன்றாதேங்கோ." ஒற்றைக் காலோடு இருக்கிறவர் மற்றக் காலையும் ஊன்றாமல் எப்படி நடப்பது?

ஒருநாள் மருந்து கட்டும்போது, கட்டிலில் வசதியாக ஏறி இருப்பதற்காக மாமி பொய்க்காலைக் கழற்றினார். உள்ளே பழைய சேலைத் துணி சுருட்டிச் சுருட்டி அடைத்திருந்தது. வருடங்கள் போகப் போக வெட்டின கால் வற்றிவிடும், அது நுழைகிற பொய்க்காலின் கூடு தளர்ந்துவிடும். அது ஆடுவதால் மாமி முழுப் பாரத்தையும் வலது காலிலேயே போட்டு நடந்திருக்கிறார். சீனியால் நரம்பு மரத்துப் போன பாதத்துக்கு நோவும் தெரியாது. பாரம் குறையாமல் இந்தப் புண் ஆறாது, எவ்வளவு குளிசை போட்டாலும். சீனி கிளினிக்கில் பொய்க்காலைப் பற்றிக் கேட்பதில்லை, கால் செய்யும் இடத்தில் சீனியைப் பற்றிக் கேட்பதில்லை. அதனால் நாங்களே கிளினிக் கொப்பியைக் கால் செய்யும் இடத்துக்குக் கொண்டுபோய்க் காட்டினோம். புதுக் கூடும், வலது காலுக்கு மெத்தென்ற செருப்பும் கிடைத்தன. இதே நிலையில் இருக்கிறவர்கள் கொப்பியை மறக்காமல் கொண்டு போங்கள், கேட்காவிட்டாலும் எடுத்து நீட்டுங்கள்.

அப்புறம் இன்சுலின். திறந்த போத்தலை வெளியில் நாலு கிழமை வரைக்கும் வைக்கலாம், ஆனால் 30 பாகையைத் தாண்டக் கூடாது. சித்திரை வெயிலில் தகரக் கொட்டிலுக்குள் அது நடக்கிற காரியமா? பெரிய மண்பானையில் ஈர மணல் போட்டு, நடுவில் சின்னச் சட்டியில் போத்தலை வைத்து ஈரத்துணியால் மூடினோம். மணல் காயாமல் பார்த்தால் சரி.

கடைசியில் உதவிப் பணம். மாமியின் குடும்பம், இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தது; தமிழருக்கு எதிரான 1977 கலவரத்துக்குப் பிறகு மாத்தளைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து வந்து இங்கே ஒருவரின் காணியில் குடிசை போட்டது. தோட்டத்தில் பதிந்த பெயர் ஒன்று, அடையாள அட்டையில் இருப்பது இன்னொன்று. இரண்டும் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி முடித்து ஜி.எஸ்ஸிடம் (கிராம சேவகர்) கொடுத்தோம். "இந்தியாக்காரர் தானே" என்று வரிசையில் யாரோ சொன்னது மாமிக்குக் கேட்டது. நாற்பது வருடத்துக்கு மேல் இந்த மண்ணில் கூலி வேலை செய்தவரைப் பார்த்து!

கணவனை இழந்த பெண்களுக்குக் கோழிக்கூடு வந்தது, சொந்தக் காணி இருந்தால்தான். மாற்றுத்திறனாளிகளுக்கு மலசலகூடம் வந்தது, அதற்கும் உறுதியோ பெர்மிட்டோ வேண்டும். காணி இல்லாதவர்களின் பட்டியலில் தனி ஆளுக்குக் கடைசி இடம். 1976-ல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கார் கம்பெனி மேல், வேலையில் பாகுபாடு என்று கறுப்பினப் பெண்கள் போட்ட வழக்கின் தீர்ப்பு நினைவுக்கு வந்தது. நிறவெறி என்று கேள், இல்லை பெண் என்று கேள், இரண்டையும் சேர்த்துக் கேட்காதே என்றது நீதிமன்றம். 1989-ல் கிம்பர்லே கிரென்ஷா என்ற அமெரிக்கச் சட்ட அறிஞர் அந்தத் தீர்ப்பை வைத்துத்தான், ஒடுக்குமுறைகள் ஒருவர் மேல் ஒன்றுசேர்ந்து விழுவதைப் பற்றி எழுதினார். மாமியும் எல்லாத் திட்டத்துக்கும் உரியவர், ஒன்றும் கிடைக்கவில்லை.

இப்போது புண் சுருங்கியிருக்கிறது, மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவுக்கும் பெயர் போயிருக்கிறது. மலசலகூடத்துக்குத்தான் காணிக்காரரின் சம்மதக் கடிதம் வேண்டும். அவர் கனடாவில். கடிதம் கொடுத்தால் மாமி காணியையே கேட்டுவிடுவாரோ என்று அவருக்குப் பயம், போன் எடுத்தால் பதில் இல்லை.