மொட்டைப்பனைக் கூகையும் என் இடது காதும்

போன கார்த்திகையில் ஒரு ராத்திரி, கரண்ட் இல்லை. படுத்திருக்கும்போது 'ஸ்ஸ்ஸ்' என்று நீளமாக ஒரு சத்தம். கேஸ் கசிகிறது என்று பதறி எழுந்து போய் சிலிண்டரை மூடினேன், ஜன்னலை எல்லாம் திறந்துவிட்டேன். சத்தம் நிற்கவில்லை. அடுப்பங்கரையில் குனிந்து மோந்து பார்த்துக்கொண்டிருந்த என்னை மகள் வந்து தாடையைப் பிடித்து, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மொட்டைப்பனை பக்கம் திருப்பி வைத்தாள். "அங்கப்பா. மரத்துக்குள்ள குஞ்சு கத்துது."

எனக்கு இடது காது கேட்காது. ஒன்பது வயதில் பொன்னுக்கு வீங்கி வந்தது. கன்னம் வற்றியபோது காதும் போயிருந்தது. ஒரு காது நல்லாத்தானே இருக்கு என்பார்கள். நல்லாத்தான் இருக்கிறது. என்ன சத்தம் என்பது தெரியும், எங்கிருந்து வருகிறது என்பதுதான் தெரியாது. போன் அடித்தால் அலமாரியிலா, கட்டிலிலா, என் சட்டைப் பையிலேயா என்று ஒவ்வொன்றாகத் துழாவ வேண்டும். மண்டபம் படகுத்துறையில் "அண்ணே" என்று யாராவது கூப்பிட்டால் நான் கடலைப் பார்த்துத் திரும்புவேன். ஒருமுறை பாம்பன் பாலத்தில் சைக்கிளில் போகும்போது பின்னால் லாரி ஹாரன். ஒதுங்குகிறேன் என்று அதன் பக்கமே ஒதுங்கினேன். டிரைவர் திட்டியது மட்டும் தெளிவாகக் கேட்டது.

என் பிழைப்பு படகுகளில் இருக்கும் வயர்லெஸ், ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர் ரிப்பேர். எக்கோ சவுண்டர் ஒரு சத்தத்தைத் தண்ணீருக்குள் அனுப்பி, தரையில் பட்டு அது திரும்ப எத்தனை நேரம் ஆகிறது என்று எண்ணி ஆழத்தைச் சொல்கிறது. கடல் தண்ணீரில் சத்தம் வினாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். ஆக, சத்தத்தையும் நேரத்தையும் வைத்துத்தான் என் வீட்டில் உலை கொதிக்கிறது. அதனால்தான் பனைமரத்துக் கூகையைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தவன் நிறுத்த முடியாமல் போய்விட்டேன்.

உச்சிப்புளிப் பக்கம் பனைக்குப் பஞ்சமில்லை. இது இடி விழுந்து தலை போன மரம், உச்சியில் பொந்து. வெள்ளை மூஞ்சிக் கூகை ஒரு ஜோடி அதில் குடிவந்திருக்கிறது. அம்மாவுக்கு அது சாக்குருவி. வெடி போட்டு விரட்டு என்று தினமும் நச்சரிப்பு. மரத்தடியில் கறுப்பாக, கட்டைவிரல் பருமனில் உருண்டைகள் கிடக்கும். செரிக்காத முடியையும் எலும்பையும் கூகை கக்கிப் போடுவது. மகள் ஒன்றைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தாள். நகத்தளவு மண்டையோடுகள் இரண்டு, உடையாமல் முழுசாக. முன்பற்கள் மஞ்சளாக இருந்தது எலி. வெள்ளைப் பல்லும் நீண்ட மூக்குமாக இருந்தது மூஞ்சூறு.

அந்த எலியை இருட்டில் எப்படிப் பிடித்தது? 1950-களில் அமெரிக்காவில் ராஜர் பெய்ன் இதைச் சோதித்தார். பின்னாளில் திமிங்கலப் பாட்டுக்காகப் பெயர் வாங்கிய அதே பெய்ன்தான். துளி வெளிச்சம் இல்லாத அறையில் சருகைப் பரப்பி எலியை விட்டார்; கூகை குறி தப்பாமல் பிடித்தது. எலி அளவுக் காகித உருண்டையை நூலில் கட்டிச் சருகின்மேல் இழுத்தாலும் அதன்மேல் பாய்ந்தது. மோப்பம் இல்லை, உடல்சூடு இல்லை, சரசரப்பு மட்டுமே போதும்.

இனிமேல்தான் விஷயமே. சத்தம் வலப்பக்கமிருந்து வந்தால் வலது காதைக் கொஞ்சம் முன்னாலேயே தொடும். காற்றில் வேகம் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர். கூகையின் தலை சின்னது. இரண்டு காதுக்கும் இடையில் வருகிற தாமதம் அதிகபட்சமே வினாடியில் 5,000-இல் ஒரு பங்கு அளவுதான். முன்னால் ஒரு பாகை தள்ளி எலி நகர்ந்தால் வித்தியாசம் சில மைக்ரோ நொடி, அதாவது வினாடியைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் சில பங்கு. இதை அளக்க நான் ஒரு பெட்டி செய்வதென்றால் நல்ல கடிகாரச் சில்லு ஒன்று வேண்டும். ஒரு நரம்பணு ஒருமுறை துடித்து அடங்கவே ஆயிரத்தில் ஒரு வினாடி ஆகிறதே, அதை வைத்து எப்படி?

ஒயர் நீளம்தான் பதில். படித்தபோது ஆளில்லாத கடையில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். லாயிட் ஜெஃப்ரெஸ் என்ற அமெரிக்கர் 1948-இல் காகிதத்தில் போட்ட கணக்கு இது. இரண்டு காதிலிருந்தும் வரும் நரம்பு இழைகள் எதிரெதிராக வந்து, வழியில் வரிசையாக நிற்கும் நரம்பணுக்களைத் தொட்டுக்கொண்டே போகும். இரு பக்கத்துத் துடிப்பும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தால் மட்டுமே அணு பலமாகச் சுடும், அதாவது தானும் துடிக்கும். வலது காதில் சத்தம் முந்தி விழுந்தால் அந்தத் துடிப்பு நீளமான இழையில் போய் நேரத்தைச் செலவழிக்கும். பிந்திய இடது துடிப்பு குட்டை இழையில் வந்து பிடித்துவிடும். எந்த அணுவில் இரண்டும் சந்திக்கின்றனவோ, அந்த அணுவின் இடமே சத்தத்தின் திசை. நரம்பில் துடிப்பின் வேகம் வினாடிக்குச் சில மீட்டர்தான் என்பதால் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு நீளம் கூடினாலே இருபது, முப்பது மைக்ரோ நொடித் தாமதம் கிடைத்துவிடும். கடிகாரமே வேண்டாம்.

நாற்பது வருஷம் கழித்து, 1988-இல், கேத்தரின் கார், மசகாசு கோனிஷி என்ற இரண்டு மூளை ஆய்வாளர்கள் கூகையின் மூளைத்தண்டில் இதே அமைப்பைக் காட்டினார்கள். ஒரு காதின் இழைகள் மேலிருந்து இறங்குகின்றன, மறுகாதின் இழைகள் கீழிருந்து ஏறுகின்றன, நடுவில் அணுக்கள். நம்மைப் போன்ற பாலூட்டிகளின் மூளையும் இதே வழியில்தான் செய்கிறதா என்பதில் இன்னும் சண்டை தீரவில்லை.

இடம் வலம் சரி, மேல் கீழ்? கூகையின் இடது காதுத் துளை சற்று உயரத்தில் இருந்து கீழ்நோக்கியும், வலது துளை தாழ்வாக இருந்து மேல்நோக்கியும் திறந்திருக்கும். கீழே அசைகிற எலி இடது காதில் பலமாகக் கேட்கும். சத்தத்தின் பலத்துக்கு மூளையில் தனிப் பாதை, நேரத்துக்குத் தனிப் பாதை. 1984-இல் ஒரு பாதையை மட்டும் மரத்துப்போக வைத்துப் பார்த்தார்கள். அந்தக் கணக்கு மட்டும் குழம்பியது, மற்றது அப்படியே இருந்தது. ஆடியோ ஆம்ப்ளிஃபயரில் பழுது தேடும்போது நானும் இப்படித்தான் ஒரு லைனை அறுத்துவிட்டு மற்றதைப் பார்ப்பேன்.

அப்புறம் இரண்டு பாதையும் நடுமூளையில் சேர்கின்றன. எரிக் நட்சன் என்ற ஆய்வாளரும் கோனிஷியும் 1978-இல் கண்டது அங்கேதான்: கூகையைச் சுற்றி ஒலிபெருக்கியை நகர்த்தினால், ஒவ்வொரு அணுவும் வெளியில் ஒரு குறிப்பிட்ட இடத்திலிருந்து சத்தம் வரும்போது மட்டும் சுடுகிறது. பக்கத்து அணுவுக்குப் பக்கத்து இடம். காதில் இடம் என்ற ஒன்றே கிடையாது. மூளை கணக்குப் போட்டு வரைந்த வரைபடம் அது.

நட்சன் பின்னால் செய்த இன்னொரு சோதனையைத்தான் இரண்டு முறை படித்தேன். குஞ்சுக் கூகைகளின் ஒரு காதை அடைத்துவிட்டார். முதலில் தடுமாறின, சில வாரங்களில் பழகி மறுபடி சரியாகக் குறிபார்த்தன. வளர்ந்த கூகைகள் அப்படிப் பழகவில்லை. ஒன்பது வயதில் நானும் குஞ்சுதானே, ஏன் பழகவில்லை? யோசித்தால் விடை எளிது. அடைத்த காதில் சத்தம் குறைவாகவாவது விழும். என் இடப்பக்க ஒயரில் துடிப்பே வருவதில்லை. சந்திக்க எதிராளி இல்லாமல் என் அணுக்கள் நாற்பது வருஷமாக ஒற்றைக் காலில் நிற்கின்றன.

வயிற்றெரிச்சல் இன்னொன்று. காதின் உள்ளே சத்தத்தை உணர்கிற மயிரணுக்கள் செத்தால் பறவைகளுக்குத் திரும்ப முளைக்கும். கோழியிலும் காடையிலும் இதை 1988-இல் காட்டிவிட்டார்கள். நமக்கு முளைக்காது. எங்கள் வீட்டு நாட்டுக்கோழியை அன்றிலிருந்து கொஞ்சம் பொறாமையோடுதான் பார்க்கிறேன்.

வெடி வாங்கவில்லை. நெல் மூட்டையில் எலி ஓட்டை குறைந்திருக்கிறது என்பதை அம்மாவும் கவனித்துவிட்டாள், ஆனால் ஒப்புக்கொள்ள மாட்டாள். கூகை இரை கொண்டு வருவது எனக்கு மட்டுமல்ல, யாருக்குமே கேட்பதில்லை. அதன் சிறகு அப்படி. குஞ்சுகளின் 'ஸ்ஸ்' திடீரென்று உச்சத்துக்குப் போகும், அதை வைத்துத்தான் வந்துவிட்டது என்று தெரிந்துகொள்கிறோம்.

கரண்ட் போகிற ராத்திரிகளில் மகளோடு ஒரு விளையாட்டு. அவள் இருட்டில் ஒரு மூலையில் நின்று விசில் அடிப்பாள், நான் கைகாட்ட வேண்டும். தலையை மெதுவாக இடமும் வலமும் திருப்பி, வலது காதில் எந்தப் பக்கம் சத்தம் கூடுகிறது என்று பார்த்தால் கொஞ்சம் பிடிபடுகிறது. நேற்று ஒன்பதில் நான்கு சரி. ஐந்தாவதும் கிடைத்திருக்கும், கழுதை நடந்துகொண்டே விசில் அடித்தாள்.