பெல்மேட்டிக்: அலாரத்துக்குச் சாவி தனி

சீக்கோ பெல்மேட்டிக் 1966-ல் வந்த ஆட்டோமேட்டிக் வாட்ச். பேட்டரி இல்லாமலே அலாரம் அடிக்கும். 'அலாரம் வேலை செய்யாது' என்று யாராவது விற்க வந்தால், முதலில் அதற்குச் சாவி கொடுத்தாரா என்று கேளுங்கள்.

உள்ளே இரண்டு ஸ்பிரிங். நேரத்துக்கானது, கையசைவில் ரோட்டார் (உள்ளே சுழலும் எடைத் தகடு) சுற்றி ஏறும். அலாரத்துக்கானதைக் கையால்தான் ஏற்ற வேண்டும். 3 மணிப் பக்கத்துக் குமிழை வெளியே இழுக்காமல் திருகினால் ஏறுவது அலாரம் மட்டுமே. நின்றுபோன வாட்ச் அதனால் ஓடாது. பக்கவாட்டில் மெல்ல ஆட்டிவிட்டுக் கட்டிக்கொள்ள வேண்டும்.

குமிழை ஒரு சொடுக்கு இழுத்துத் திருகினால் டயல் ஓரத்து வளையம் சுழலும். அதுதான் அலாரம் நேரம். இன்னொரு சொடுக்கு இழுத்தால் முட்கள் நகரும். 2 மணிப் பக்கத்துப் பொத்தானை வெளியே இழுத்தால் அலாரம் தயார், அழுத்தினால் மௌனம்.

இதற்குக் காலை, மாலை தெரியாது. காலை 6 மணிக்கு வைத்துவிட்டு மதியமே பொத்தானை இழுத்தால் மாலை 6-க்கு அடித்துத் தீர்த்துவிடும். படுக்கப் போகும்போது இழுங்கள். கையில் கட்டியிருந்தால் வண்டு முரல்வதுபோல் அமுங்கித்தான் கேட்கும். எவர்சில்வர் தட்டில் வைத்துப் பாருங்கள், தூக்கம் நிச்சயம் போகும்.

மணி முள் 10 நிமிடத்தில் நகர்வது வெறும் 5 டிகிரி. ஆகவே ஐந்து நிமிடம் முன்பின் அடிப்பதைக் கோளாறு என்று சொல்லக் கூடாது. அரைமணி தள்ளி அடித்தால், யாரோ முள்ளைக் கழற்றிக் குத்துமதிப்பாக மாட்டியிருக்கிறார்கள். சரிசெய்ய, முட்களைக் கழற்றி, வளையக் குறியை 12-க்கு நேரே கொண்டுவந்து, சாவி கொடுத்து, பொத்தானை இழுத்துவிட வேண்டும். பிறகு குமிழால் நேரத்தை முன்னோக்கி நகர்த்தி, அலாரத்தின் சுத்தியல் அடிக்கத் தொடங்கும் கணத்தில் நிறுத்தி, இரண்டு முட்களையும் 12-ல் வைத்து அழுத்த வேண்டும். பின்னோக்கித் திருப்பி இந்தக் கணத்தைத் தேடாதீர்கள்.

ஓசை சோர்ந்து இழுத்தால் பெரும்பாலும் எண்ணெய் இறுகியிருக்கும், சர்வீஸ் போதும். வளையம் சுழல மறுத்தால் பலத்தைக் காட்டாதீர்கள். வளையத்தைச் சுழற்றும் பல் உடைந்தால் மாற்றுச் சாமான் தேடி அலைய வேண்டும். வாங்கும்போதே வளையத்தை ஒரு முழுச் சுற்று ஓட்டிப் பார்ப்பது நல்லது.

பின்மூடியில் சீரியல் எண்ணின் முதல் இலக்கம் ஆண்டு, அடுத்தது மாதம். 91 என்று தொடங்கினால் 1969 ஜனவரி. 7 என்றால் 1967-ஆ 1977-ஆ என்ற குழப்பம் வரும்; மூடியில் 'வாட்டர்புரூஃப்' என்றிருந்தால் பழையது, 'வாட்டர் ரெசிஸ்டண்ட்' என்றால் பிந்தையது. எதுவாக இருந்தாலும் பொத்தான் துளையின் ரப்பர் வளையத்துக்கு ஐம்பது வயது ஆகியிருக்கும். குழாயடிக்குப் போகுமுன் கழற்றிவிடுங்கள்.