பிஞ்சில்லாத பூ

செப்டம்பர் 21, ஞாயிறு

மார்கழிக்கு இன்னும் மூன்று மாசம் கிடக்கிறது. ஆனால் மகள் இன்று காலையிலேயே கேட்டுவிட்டாள்: "இந்த வருஷமும் பூசணிப்பூ காசு குடுத்துதான் வாங்கணுமாம்மா?" போன மார்கழியில் பாளையங்கோட்டை மார்க்கெட்டில் ஒரு பூ ஐந்து ரூபாய் என்று வாங்கினோம். நான் போய்ச் சேரும் நேரத்துக்குப் பாதி சுருண்டிருக்கும். சாணி உருண்டையில் வைத்ததும் தலையைத் தொங்கப் போட்டுக்கொள்ளும்.

சரி, வளர்த்துவிடலாம் என்று சொல்லிவிட்டேன். நான் இதுவரை வளர்த்தது ஒரே ஒரு கற்றாழை. அதுவும் தண்ணீர் அதிகமாகி அழுகிப் போனது.

அத்தை சமையலறை மேல்தட்டிலிருந்து ஒரு பழைய பாட்டிலை எடுத்து வந்தார். உள்ளே சாம்பலில் புரட்டிக் காயவைத்த பூசணி விதை. குழம்புக்கு நறுக்கும்போது நல்ல காயாகத் தெரிந்தால் எடுத்து வைப்பாராம். பதினோரு வருஷமாக இதே சமையலறையில் நிற்கிறேன், எனக்குத் தெரியாது.

என் பங்குக்கு டவுனில் ஒரு விதைக்கடையில் சுக்கினி என்ற வெளிநாட்டுக் காயின் விதை வாங்கினேன். பெங்களூர் அக்கா வீட்டில் ஒருமுறை சாப்பிட்ட ஆசை. பத்து விதை அறுபது ரூபாய். விலையைக் கேட்டு அத்தை ஒன்றும் சொல்லவில்லை. பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அவ்வளவுதான்.

செப்டம்பர் 28, ஞாயிறு

குழி தோண்டினோம். அதாவது இவர் தோண்டினார், நான் பக்கத்தில் நின்றேன். புறவாசலில் தண்ணீர்த் தொட்டிக்கும் மதிலுக்கும் நடுவே கிடக்கும் பத்தடி இடம். ஒரு முழம் போவதற்குள் செங்கல் துண்டு, சிமெண்டு கட்டி, காம்பில்லாத ஒரு கரண்டி எல்லாம் வந்துவிட்டது. மேலே இருப்பது செம்மண், கீழே வீடு கட்டியவர்கள் விட்டுப்போன மிச்சம். அதையெல்லாம் பொறுக்கிவிட்டு, பால்காரர் கொடுத்த மக்கிய எருவும் வேப்பஞ்சருகும் இரண்டு கை வேப்பம் புண்ணாக்கும் போட்டு மூடினோம். குழிக்கு நாலு விதை, ஒரு விரல் கணு ஆழம்.

சுக்கினிக்குப் பை. அக்கா மகன் கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியில் படிக்கிறான், போன் போட்டுக் கேட்டேன். "அது கொடி ஓடாது சித்தி, ஒரே இடத்துல குடை மாதிரி விரியும். பெரிய பையா வாங்குங்க. பைக்கு ஒரு செடிக்கு மேல விடாதீங்க." மூன்று பை வாங்கினேன். செலவுக் கணக்கை இங்கே எழுதப் போவதில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

முளைத்துவிட்டது! பூசணி எட்டும் வந்துவிட்டது. ஒன்று மட்டும் விதைத்தோலைத் தொப்பி மாதிரித் தலையில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. கழற்றிவிடலாம் என்று மகள் கையை நீட்டினாள். "அதுவே கழத்திக்கிடும், விடு" என்றார் அத்தை. சுக்கினி பத்துக்கு ஆறு. குழிக்கு இரண்டு, பைக்கு ஒன்று என்று விட்டுவிட்டு மிச்சத்தைப் பிடுங்க வேண்டும். பிடுங்க மனசு வரவில்லை, இவரைப் பிடுங்கச் சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

மழை இல்லை. தண்ணீர் ஊற்றினேன்.

அக்டோபர் 18, சனி

தீபாவளிக்குத் துணி எடுக்கப் போய்விட்டு வந்து பார்த்தால் இலையெல்லாம் சல்லடை. ஆரஞ்சு நிறத்தில் சின்னச் சின்ன வண்டு, பளபளவென்று அழகாகத்தான் இருக்கிறது. கையைக் கொண்டுபோனால் பறந்துவிடுகிறது. பூசணி வண்டு என்றான் அக்கா மகன். விடியற்காலையில் பனி ஈரத்தில் சோம்பலாக உட்கார்ந்திருக்குமாம், அப்போது பிடித்து சோப்புத் தண்ணீரில் போடச் சொன்னான். அத்தை வழி வேறு. இலை ஈரமாக இருக்கும்போதே விறகுச் சாம்பலைத் துணியில் கட்டித் தட்டித் தட்டித் தூவ வேண்டும். எங்கள் வீட்டில் ஏது விறகுச் சாம்பல்? தெருமுனை இஸ்திரிக்கடை அண்ணாச்சியிடம் கரிச்சாம்பல் வாங்கி வந்தேன். நாளையிலிருந்து இரண்டு வைத்தியமும்.

நவம்பர் 5, புதன்

சுக்கினியில் பூ! விரல் நீளப் பிஞ்சு, அதன் நுனியில் மஞ்சள் பூ. காயே வந்துவிட்டது என்று போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன்.

நவம்பர் 9, ஞாயிறு

பிஞ்சு மஞ்சளாகி, நுனி கூழாகி, தொட்டதும் கையோடு வந்துவிட்டது. அக்காவுக்கு போட்டோ அனுப்பவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

இப்போதுதான் விஷயம் புரிகிறது. பிஞ்சோடு வருவது பெண் பூ. ஆண் பூவுக்குப் பிஞ்சு கிடையாது, மெல்லிசாக நீளமான காம்பு மட்டும்தான். அதன் மகரந்தம் பெண் பூவுக்குள் போய்ச் சேர்ந்தால்தான் பிஞ்சு நிற்கும், இல்லாவிட்டால் நாலைந்து நாளில் உதிரும். என் சுக்கினியில் பெண் பூ முந்திக்கொண்டது. பூசணியில் நேர்மாறு, இந்த வாரம் பூத்த ஏழும் ஆண்.

உடனே எனக்கு ஒரு யோசனை. இங்கே ஆண் சும்மா கிடக்கிறது, அங்கே பெண் காத்திருக்கிறது. ஒரு பூசணிப்பூவைப் பறித்து, இதழை உரித்து, நடுத்தண்டை சுக்கினிப் பூவுக்குள் தேய்த்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் வீண் போகவில்லை என்று நாள் முழுக்க ஒரு பெருமை.

நவம்பர் 18, செவ்வாய்

அதுவும் உதிர்ந்துவிட்டது. போனில் அக்கா மகன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். இரண்டும் ஒரே குடும்பம்தானாம், ஆனால் இனம் வேறு. சுக்கினி பெப்போ, நம் ஊர்ப் பூசணி மொஸ்காட்டா. ஒன்றின் மகரந்தம் இன்னொன்றில் லேசில் பிடிக்காதாம். "சித்தப்பா பெரியப்பா பிள்ளைங்கன்னு வச்சுக்கோங்க சித்தி."

பெண் பூ நிறைய வர என்ன வழி என்றும் கேட்டேன். வயலில் செடி சின்னதாக இருக்கும்போதே எத்ரல் என்ற பயிர் ஊக்கி மருந்தை 250 பிபிஎம் (பத்து லட்சத்துக்கு 250 பங்கு) அளவில் கரைத்து வாரம் ஒருமுறை, நாலு தடவை தெளிப்பார்களாம். வீட்டில் நாலு கொடிக்கு அதெல்லாம் வேண்டாம் என்று அவனே சொல்லிவிட்டான். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அத்தை, "பூவுக்குமா மருந்தடிக்கானுவ?" என்றார்.

பேச்சு வளர்ந்து, எது நம் காய், எது வெளிநாட்டுக் காய் என்று போய்விட்டது. இரண்டுமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்தவைதான், பறங்கிக்காய் என்ற பேரிலேயே அது இருக்கிறது என்றான். அத்தை அசரவில்லை. "வந்தா என்ன? வந்து எத்தன தலைமுற ஆச்சு. அது நம்ம வீட்டுப் பிள்ளைல்லா."

நவம்பர் 20, வியாழன்

காலை 5.40. டார்ச் வெளிச்சத்தில் போய்ப் பார்த்தேன். சுக்கினியில் ஒரு ஆண், ஒரு பெண், இரண்டும் ஒரே நேரத்தில் விரிந்துகொண்டிருந்தன. முறுக்கிய குடை மெதுவாக அவிழ்வது மாதிரி ஐந்து இதழும் விடுபட்டுப் பின்னால் மடிகின்றன. ஆண் பூவின் நடுவில் ஒரே தண்டு. விரலால் தொட்டால் மஞ்சள்பொடி மாதிரி ஒட்டுகிறது. பெண் பூவுக்குள் கொழுத்த கொழுத்த மடல்கள், லேசான பிசுபிசுப்பு. தண்டை எல்லா மடலிலும் படும்படி சுற்றிச் சுற்றித் தடவினேன். ஒரு பக்கம் மட்டும் பட்டால் காய் கோணிக்கொள்ளும் என்று சொல்லியிருந்தான். கை நடுங்கியது, சிரிப்பும் வந்தது.

எட்டரைக்கு வேலைக்குக் கிளம்பும்போது எட்டிப் பார்த்தேன். பூ மூடத் தொடங்கியிருந்தது. இத்தனை நாளும் நான் எட்டு மணிக்கு மேல் தண்ணீர் ஊற்றப் போய், இன்றைக்குப் பூக்கவில்லை என்று திரும்பி வந்திருக்கிறேன்.

நவம்பர் 27, வியாழன்

ஒரு சாண் நீளத்தில் முதல் காய். இதற்கு மேல் விட்டால் முற்றிவிடும் என்று அறுத்தேன். ஒரு சின்னத் துண்டைப் பச்சையாகக் கடித்துப் பார்த்தேன். சுரை, வெள்ளரி, சுக்கினி எதுவானாலும் கசந்தால் தின்னக் கூடாது, வேகவைத்தாலும் அந்த விஷம் போகாது. கசக்கவில்லை. பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வைத்தேன். ஐந்து பேருக்கு ஆளுக்கு இரண்டு கரண்டி. "வெள்ளரிக்காயும் சுரைக்காயும் சேந்து பெத்த பிள்ள மாதிரி இருக்கு" என்றார் அத்தை. ஆனால் இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கொண்டார்.

டிசம்பர் 2, செவ்வாய்

மழை. நாலு நாளாக விடவில்லை. சுக்கினிப் பை இரண்டில் அடித்தண்டு அழுகி, செடி சாய்ந்து கிடக்கிறது. பைக்கு அடியில் போட்ட ஓட்டை போதாது, என் தப்புத்தான்.

ஆனால் பூசணியில் முதல் பெண் பூ. பிஞ்சு கோலிக்குண்டு அளவு, மேலே வெள்ளை வரி. மழையில் தேனீ வராது. ஒரு கையில் குடை, ஒரு கையில் ஆண் பூ. மொட்டாக இருக்கும்போதே இலையை வளைத்து மூடிவைத்ததால் உள்ளே நனையவில்லை.

டிசம்பர் 7, ஞாயிறு

கொடி மதிலேறி அடுத்த வீட்டுக்கு இறங்கிவிட்டது. அந்தப் பக்கம் காய்ப்பது யாருக்கு என்று ஒரு பேச்சு வந்து, பூ உங்களுக்கு, காய் எங்களுக்கு என்று சிரித்துக்கொண்டே முடிவானது. மூன்றாவது சுக்கினி இன்னும் நிற்கிறது. இதுவரை மொத்தம் நாலு காய்.

டிசம்பர் 16, செவ்வாய் (மார்கழி 1)

நேற்று ராத்திரி சண்டை. நாலரைக்கு எழுந்து பூப்பறிக்க வேண்டும் என்று மகளும் ஆச்சியும் பேசிக்கொண்டிருந்தார்கள். பூவில் கை வைக்கக் கூடாது என்று நான் கத்திவிட்டேன். பின்னே? ஒரு பிஞ்சு நிற்பதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தானே தெரியும். பூவுக்காகத்தான் செடியே வைத்தோம் என்பதே மறந்துவிட்டது.

அத்தை கோபப்படவில்லை. காலையில் என்னையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார். இருட்டுக்குள் ஆறு பூ. ஒவ்வொன்றின் கழுத்தடியிலும் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார், டார்ச் கூடக் கேட்கவில்லை. "இங்கன பாரு, பிஞ்சு தட்டுப்படுதா? இத தொடக் கூடாது. இது வெறுங்காம்பு, இதத்தான் பறிக்கணும். அதுலயும் ரெண்ட செடிக்கு விட்டுரணும்." சேரன்மகாதேவிப் பக்கம் சின்ன வயதில் அவருக்கு அவருடைய ஆச்சி சொல்லிக்கொடுத்ததாம். நான் ஒன்றரை மாசம் போன் போட்டுப் படித்த பாடத்தை, இவர் பாவாடை கட்டிய வயதிலேயே இருட்டில் தடவிப் படித்திருக்கிறார். கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை.

மூன்று பூ. கோலத்தின் நடுவில் மூன்று சாணி உருண்டை, ஒவ்வொன்றிலும் ஒரு பூ, நிமிர்ந்து நிற்கிறது. 2023-இல் மார்கழி பிறந்த அன்றைக்குத்தான் அந்தப் பெருமழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது, தாமிரபரணி திருநெல்வேலி ஜங்ஷன் வரைக்கும் வந்துவிட்டது. அந்த வருஷம் எங்கள் தெருவில் யாரும் கோலம் போடவில்லை. மகளுக்கு அப்போது ஆறு வயது, பூ வைக்காத அந்த மார்கழியை இன்னும் குறையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

டிசம்பர் 24, புதன்

பிஞ்சு ஒன்றில் ஊசி குத்தின மாதிரிப் புள்ளி, அதிலிருந்து பழுப்பாகப் பிசின். பழ ஈ. வெட்டினால் உள்ளே புழு நெளிகிறது. இதைக் குப்பையில் போட்டால் புழு மண்ணுக்குள் இறங்கி ஈயாக வரும் என்றான் அக்கா மகன், அதனால் பாலித்தீன் பையில் கட்டி வெயிலில் போட்டுவிட்டேன். மிச்சம் இருப்பது மூன்று காய். அத்தையின் பழைய நூல்சேலையைக் கிழித்து மூன்றுக்கும் சட்டை தைத்தாயிற்று.

ஜனவரி 4, ஞாயிறு

கடைசி சுக்கினியும் போய்விட்டது. இலையெல்லாம் மாவு தூவின மாதிரி வெள்ளை, சாம்பல் நோய். புளித்த மோர் தெளித்துப் பார்த்தேன், பிந்திவிட்டது. மொத்தம் ஏழு காய். அடுத்த முறை பைக்கு அடியில் ஓட்டை அதிகம் போட வேண்டும். அடுத்த முறை என்று எழுதிவிட்டேன், இவர் படிக்காமல் இருக்க வேண்டும்.

ஜனவரி 15, வியாழன் (பொங்கல்)

டிசம்பர் 2-ஆம் தேதிப் பூவின் காயை இன்று அறுத்தோம். காம்பு கட்டைபோலக் காய்ந்து, தோலில் நகம் இறங்கவில்லை. மூன்றே முக்கால் கிலோ. அரிவாள்மணையில் பிளந்ததும் உள்ளே நல்ல குங்கும மஞ்சள். சாம்பாருக்குப் பாதி, கூட்டுக்குக் கால், அடுத்த வீட்டுக்குக் கால். சிறுகிழங்கும் அவரைக்காயும் இருந்ததால் யாரும் இதைத் தனியாகப் புகழவில்லை. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ஜனவரி 25, ஞாயிறு

இன்று சிறுவீட்டுப் பொங்கல். முற்றத்தில் களிமண்ணால் கட்டிய சின்ன வீட்டுக்கு முன்னால் மகள் தானே பொங்கலிட்டாள். பால் பொங்கியதும் அவள் போட்ட குலவை பாதியில் சிரிப்பாகிவிட்டது.

மார்கழி முழுக்க அன்றன்றைய பூவைச் சாணியோடு தட்டி மொட்டைமாடியில் காயவைத்த எருவாட்டிகள், மொத்தம் முப்பது. அதில் இருபத்தெட்டு பூசணிப்பூ, பூ கிடைக்காத இரண்டு நாளைக்குச் செம்பருத்தி. சாயங்காலம் கூடையில் அடுக்கி வண்ணாரப்பேட்டைப் படித்துறைக்குப் போனோம். காய்ந்த இதழ் சாணிக்குள் பதிந்து வெறும் மஞ்சள் கறையாகத்தான் தெரிந்தது. ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விட்டாள். எல்லாம் போய்விட்டன, ஒன்று மட்டும் சுற்றிச் சுற்றிப் படியோரமே வந்தது. அத்தை சேலையைச் செருகிக்கொண்டு ஒரு படி இறங்கி, காலால் மெல்லத் தள்ளிவிட்டார்.

திரும்பி வரும்போது இஸ்திரிக்கடையில் நின்று சாம்பல் வாங்கினோம். விதை கழுவிக் காய்ந்து கிடக்கிறது.